பழைய தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க வேலை பெயர்ந்து நிற்கிறது: ஒட்டலாமா, விட்டுவிடலாமா?

கும்பகோணம்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பூஜை அறையில் இருக்கும் பழைய பலகைப் படம் ஒன்றைப் பற்றிக் கேட்கிறேன். நவநீத கிருஷ்ணன், இரண்டு பக்கமும் திரைச்சீலை, மேலே மண்டப வளைவு. ஓவியம் மட்டும் 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம். 100 வருடம் தாண்டியது. இரண்டு பலகைகளை நெடுக்குவாட்டில் சேர்த்து, பின்னால் குறுக்கே இரண்டு கட்டை வைத்து ஆணி அடித்திருக்கிறது. முன்னால் கண்ணாடி.

இப்போதைய நிலை இது:

கிரீடத்திலும் வளைவிலும் தங்க வேலை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மூன்று இடங்களில் மேலே தூக்கி நிற்கிறது. இரண்டு துண்டுகள் பெயர்ந்து கண்ணாடிக்குள் அடியில் கிடக்கின்றன. ஒரு சிவப்புக் கல்லும் விழுந்திருக்கிறது. பலகைகள் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல், அதன் இரண்டு ஓரத்திலும் வண்ணம் சுருண்டிருக்கிறது. பின்புறம் இடது கீழ் மூலையில் குண்டூசித் தலை அளவில் நாலைந்து ஓட்டைகள். அதற்கு நேர் கீழே தரையில் மைதா மாதிரி தூள் விழுகிறது. வலது கீழ் மூலையில் கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

படம் மாட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறும்.

உள்ளூர்க் கடை ஒன்றில் "பழைய தங்கத்தை எடுத்துவிட்டுப் புது ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, வண்ணமும் தொட்டு, பத்து நாளில் புத்தம் புதுசாகத் தருகிறோம்" என்கிறார்கள். உறவினர்கள் ஃபெவிகால் வைத்து ஒட்டினால் போதும் என்கிறார்கள். மழைக்கு முன்னால் எதையாவது செய்ய வேண்டும். எது சரி?

---

பதனம்:

வணக்கம். அந்தக் கடைக்குக் கொடுக்காதீர்கள். ஃபெவிகாலும் வேண்டாம். இந்த இரண்டையும் தவிர்த்தாலே படம் பாதி பிழைத்த மாதிரி.

காரணம் புரிந்துவிட்டால் செய்ய வேண்டியது தானாகப் புரியும். தஞ்சாவூர்ப் படம் பார்க்கத்தான் ஒரு பொருள். உண்மையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நாலைந்து அடுக்குகள். அடியில் பலாப் பலகையோ தேக்கோ. அதன் மேல் பசையில் ஒட்டிய துணி. துணி மேல் சுண்ணத் தூளும் பசையும் கலந்த பூச்சு. அதன் மேல் புடைப்பு வேலைக்கு மக்கு என்னும் சுண்ணக் குழைவு, மக்கில் பதித்த கல், மக்கு மேல் தங்க ரேக்கு. மிச்ச இடத்தில் பசையில் குழைத்த வண்ணம். ரேக்கும் கல்லும் நீங்கலாக இவற்றில் ஒவ்வொன்றும் காற்றின் ஈரத்துக்கு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்ட அசையவே அசையாது, குறுக்கே மட்டும் அசையும். 60 செ.மீ. அகலப் பலகை கோடைக்கும் அடைமழைக்கும் இடையில் சில மில்லிமீட்டர் அகன்று குறுகும். மேலே இருக்கும் சுண்ணப் பூச்சுக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது. மரம் குறுகும்போது பூச்சுக்கு இடம் போதாமல் நடுவில் கூடாரம் போல எழும்பும். மரம் அகலும்போது வெடிக்கும். உங்கள் விரிசல் மேலிருந்து கீழாக ஓடுவது அதனால்தான்.

மக்கு இன்னும் மோசம். தடிமன் அதிகம், உள்ளே இருக்கும் பசை வருடா வருடம் உலர்ந்து வலுவிழக்கிறது. கடைசியில் தங்க ரேக்கு ஒரு தோல் மாதிரி மேலே நிற்க, உள்ளே மக்கு பொடியாகிக் கிடக்கும். நீங்கள் பார்க்கும் "தூக்கி நிற்கும்" இடங்கள் பெரும்பாலும் இந்த வகை.

ஃபெவிகால் ஏன் கூடாது? அதில் தண்ணீர் இருக்கிறது. பழைய வண்ணமும் பூச்சும் நீரில் கரையும் பசையில் நிற்பவை. தண்ணீர் பட்ட இடத்தில் வண்ணம் கசிந்து ஓரத்தில் பழுப்பு வளையம் கட்டும். அது காய்ந்து சுருங்கும்போது வலுவற்ற மக்கை இன்னும் இழுத்துப் பெயர்க்கும். எல்லாவற்றுக்கும் மேல், வருடங்கள் போனபின் அதைப் படத்துக்குச் சேதமில்லாமல் எடுக்க வழியே இல்லை. உடனே ஒட்டும் சூப்பர் குளூ வகை இதைவிடக் கேடு. கண்ணாடி மாதிரி இறுகி, மக்குக்குள் ஊறிக் கறையாக நிற்கும்.

இன்றே செய்ய வேண்டியவை:

முதலில் போட்டோ. முன்புறம், பின்புறம், நான்கு ஓரம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேற்பரப்பைத் தடவுகிற மாதிரி சாய்வாகப் பிடித்து, இடமிருந்தும் வலமிருந்தும் தனித்தனியாக எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழும்பல்கள் எல்லாம் நிழலாகத் தெரியும். மூன்று இடம் என்று எழுதியிருக்கிறீர்கள், பத்து இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆறு மாதம் கழித்து அதே கோணத்தில் எடுத்து ஒப்பிட்டால்தான் சேதம் நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று தெரியும்.

அடுத்து, படத்தை அந்தச் சுவரிலிருந்து இறக்குங்கள். இரண்டு பேர் வேண்டும். மெதுவாக மல்லாக்கப் படுக்க வையுங்கள், முகம் மேலே. எந்தக் காரணத்துக்காகவும் கவிழ்க்காதீர்கள். உட்புற அறையில், வெளிச்சுவரோ குளியலறைச் சுவரோ இல்லாத பக்கம், தரையிலிருந்து ஒரு அடியாவது உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். அறை பூச்சி மருந்து அடித்ததாகவோ புதிதாகப் பெயின்ட் அடித்ததாகவோ இருக்கக் கூடாது.

துடைக்காதீர்கள். ஈரத் துணி, எலுமிச்சை, பித்தளை துலக்கும் பொடி எதுவும் கிட்டே வரக் கூடாது. கண்ணாடியின் வெளிப்புறத்தைக்கூட ஸ்பிரே அடித்துத் துடைக்காமல், துணியில் லேசாக நனைத்துத் துடையுங்கள். ஸ்பிரே நீர் சட்ட விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

விழுந்த துண்டுகளை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். கண்ணாடி எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

---

மரச்சட்டம்:

பதனம் சொன்னது சரி. மரத்தைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் பாதிச் சேதம் பின்புறத்திலிருந்து வருகிறது.

குறுக்கே ஆணி அடித்த அந்த இரண்டு கட்டைகள்தான் விரிசலுக்குத் துணை. பலகை குறுக்கே அசையப் பார்க்கிறது, கட்டை விடமாட்டேன் என்கிறது. எங்காவது விட்டுத்தானே ஆக வேண்டும், பலம் குறைந்த சேர்ப்பு வாயில் விடுகிறது. அதற்காக அவற்றை இப்போது பிடுங்காதீர்கள்! இத்தனை வருடம் அந்த அழுத்தத்தில் இருந்த பலகை, கட்டை போனதும் திடீரென்று வளையும். வளைந்தால் முன்னால் இருக்கும் பூச்சு கொட்டும். அது பட்டறையில், முன்புறத்துக்குக் காப்பு போட்ட பிறகு செய்யும் வேலை.

தூள் விஷயம். மைதா மாதிரி நைசாக இருந்தால் துளைவண்டு, கரையான் இல்லை. கரையான் வந்தால் மண் தடம் இருக்கும். இப்போது நடக்கிறதா, பழைய கதையா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: விழுந்த தூளைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். பின்புற ஓட்டைகளைப் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றையும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் குறியுங்கள். படத்தை அசைக்காமல் ஒரு மாதம். புதிதாகத் தூள் விழுந்தாலோ வட்டம் இல்லாத ஓட்டை வந்தாலோ வண்டு உயிரோடு இருக்கிறது. பழைய ஓட்டையின் உட்புறம் மங்கி அழுக்கேறி இருக்கும், புதியது மரத்தின் சொந்த நிறத்தில் பளிச்சென்று இருக்கும். (ஆடினால் பழைய தூளும் கொட்டும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.)

உயிரோடு இருந்தால் மண்ணெண்ணெய், டர்பன்டைன், கடையில் விற்கும் மர மருந்து எதையும் ஓட்டையில் ஊற்றாதீர்கள். மரம் எண்ணெயை உறிஞ்சி முன்பக்கம் கறையாகக் கொண்டுவந்து விடும். வெயிலில் காய வைப்பது கூடவே கூடாது. ஒரே மதியத்தில் பலகை வளைந்துவிடும். படத்துக்கு உகந்த வழி ஆக்சிஜன் நீக்கும் முறை. காற்றுப் புகாத தனி வகைப் பிளாஸ்டிக் உறையில் படத்தை வைத்து ஒட்டி, ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களையோ நைட்ரஜனையோ வைத்து, உள்ளே ஆக்சிஜனை அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கி, சுமார் மூன்று வாரம் வைப்பார்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். படத்தின் மேல் எந்த ரசாயனமும் படாது. வீட்டில் சாதாரண பாலித்தீன் கவரில் இதைச் செய்ய முடியாது, அதன் வழியாகக் காற்று கசியும்.

சட்டத்துக்குள் பலகை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். காடியில், அதாவது பலகை உட்காரும் சட்டத்தின் பள்ளத்தில், பக்கத்துக்கு 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். இறுக்கமாக அடைத்து, பின்னால் ஆணியால் நெருக்கியிருந்தால், மழைக்காலத்தில் பலகை உப்ப இடமில்லாமல் வில் மாதிரி வளையும். ஆணிக்குப் பதில் வளைத்த பித்தளைத் தகடு, சட்டத்தில் மட்டும் திருகி, பலகையை லேசாக அழுத்துகிற மாதிரி. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே சின்னத் தக்கை.

---

கும்பகோணம்_வாசி:

இருவருக்கும் ரொம்ப நன்றி. படத்தை இறக்கி உள்ளறையில் மேசை மேல் வைத்தாயிற்று. டார்ச் வைத்துப் பார்த்ததில் எழும்பல்கள் பதினொன்று. ஈரப்பத மானி ஒன்று வாங்கி வைத்தேன், 78 காட்டுகிறது. மூன்று சந்தேகங்கள்: இந்த அளவு சரியா? ஏ.சி. போடலாமா, சிலிக்கா ஜெல் பொட்டலம் சட்டத்துக்குள் வைக்கலாமா? கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது மாதிரி தெரிகிறது. அதை எடுத்துவிடலாமா?

---

பதனம்:

மானியை முதலில் சோதியுங்கள், விலை குறைந்தவை 10 சதவீதம் வரை தப்பு காட்டும். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பு நிரப்பி, ஈர மணல் பதத்துக்கு வரும்படி சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து நீராகிவிடக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஜிப் கவரில் போட்டு மூடி, அறையில் 10, 12 மணி நேரம் விடுங்கள். நிறை உப்புக் கரைசலுக்கு மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். மானி 80 காட்டினால் 5 கழித்துப் படியுங்கள், 71 காட்டினால் 4 கூட்டிக்கொள்ளுங்கள்.

78 உண்மையென்றால் அதிகம்தான். 65, 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் அருங்காட்சியகங்கள் சொல்லும் 50 என்ற எண்ணை நம் ஊரில் அப்படியே பிடிக்கப் போவது ஆபத்து. பல தலைமுறையாக 65, 70இல் பழகிய பலகையை ஒரு வாரத்தில் 45க்கு இறக்கினால் வெடித்துவிடும். 55க்கும் 62க்கும் நடுவில் எங்காவது, ஆடாமல் நின்றால் போதும். அங்கே போகவும் வாரத்துக்கு 2, 3 சதவீதம் என்று மெதுவாக இறக்குங்கள். இந்த விஷயத்தில் குறைந்த ஈரத்தைவிட நிலையான ஈரம்தான் பெரிது.

ஆகவே இரவில் மட்டும் ஏ.சி. போடும் படுக்கை அறையில் வைக்காதீர்கள். இரவில் 50, பகலில் 78 என்று தினமும் ஆடும். மரம் அசைவதற்குள் மேற்பூச்சு அசைந்துவிடும், பிளவு அங்கேதான் தொடங்கும். நாள் முழுக்க ஓடும் ஈரம் உறிஞ்சும் கருவி, ஜன்னல் சாத்திய அறை, காற்று நேராகப் படத்தின் மேல் அடிக்காமல் சுழலும் ஒரு சின்ன விசிறி, இது போதும்.

சிலிக்கா ஜெல்லைக் காய்ந்த நிலையில் சட்டத்துக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் சிறிதளவு காற்றைச் சில மணி நேரத்தில் வறட்டிவிடும். குறிப்பிட்ட ஈரப்பதத்துக்குப் பழக்கிய ஜெல் என்று தனியாக உண்டு, அதை எடை போட்டு அளவு கணக்கிட்டு வைப்பார்கள். நாமாகச் செய்வதில்லை.

வெள்ளைப் பூப்பு பூஞ்சணமா, உப்பா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பஞ்சு மாதிரி இழை இழையாக இருந்தால் பூஞ்சணம். சின்னப் படிகங்களாக மின்னினால் சுவர் ஈரம் கொண்டுவந்த உப்பு. பூஞ்சணமென்றால் படத்தை மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து வையுங்கள், கிட்டே போகும்போது என்95 முகமூடி. ஈரம் 60க்குக் கீழே வந்ததும் அது உலர்ந்து பொடியாகிவிடும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழைகள் வண்ணத்துக்குள் ஏறிக்கொள்ளும். டெட்டால், வேப்பெண்ணெய், கற்பூரத் தைலம் வேண்டாம். நாப்தலீன் உருண்டையும் சட்டத்துக்குள் வேண்டாம்.

கண்ணாடியைப் பற்றி. சாய்வாக டார்ச் அடித்தால், கண்ணாடி வண்ணத்தைத் தொடும் இடம் ஈரம் பட்ட மாதிரி கருத்து, பளபளவென்று தெரியும். அப்படி ஒரு இடம் தெரிந்தாலும் கண்ணாடியை எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளி கோத்து, வண்ணத்திலுள்ள பசை இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் கிருஷ்ணனின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

எங்குமே ஒட்டவில்லை என்று உறுதியானால் மட்டும் இப்படிச் செய்யலாம். வழக்கமாகப் படத்தைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து கழற்றுவார்கள். உங்கள் படத்தைக் கவிழ்க்கக் கூடாது. ஆகவே ஒரே உயரமுள்ள நான்கு மரக்கட்டைகளை மேசையில் வைத்து, சட்டம் கட்டைகளுக்கு வெளியே தொங்க, பலகை மட்டும் கட்டைகள் மேல் உட்காருகிற மாதிரி மல்லாக்க வையுங்கள். கட்டை மேல் பஞ்சு பொதிந்த துணி. ஒருவர் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் அடியிலிருந்து ஆணிகளைக் குறடால் இழுத்து எடுக்க வேண்டும். சுத்தியல், நெம்புகோல் வேண்டாம், ஒரே ஒரு தட்டு போதும் எழும்பிய மக்கு கொட்ட. எல்லா ஆணியும் வந்தபின் இருவரும் சேர்ந்து சட்டத்தைக் கண்ணாடியோடு நேராக மேலே தூக்குங்கள். பாதியில் இழுப்பு தெரிந்தால் அப்படியே இறக்கிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

திறந்தபின் விழுந்த துண்டுகளை மெல்லிய ஈரமில்லாத தூரிகை நுனியால் ஒரு தாள் மேல் தள்ளி எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி மாத்திரை டப்பாவில் போட்டு, எங்கிருந்து விழுந்தது என்று போட்டோவில் எண் போட்டு, டப்பாவிலும் அதே எண்ணை எழுதுங்கள். பொடி என்று நினைப்பதையும் தூக்கி எறியாதீர்கள்.

---

ஓவியக்கூடம்:

தஞ்சாவூர் ஓவியம் எழுதும் பக்கத்திலிருந்து சில வார்த்தை.

தங்கம் கெடாது. 100 வருடப் படத்தில் ரேக்கு இன்னும் மஞ்சளாக மின்னினால் அது அசல் தங்கம். அழுக்கேறி மங்கியிருக்கும், அவ்வளவுதான். பச்சை பூத்திருந்தாலோ கறுத்திருந்தாலோ அது பித்தளை ரேக்கு, அல்லது பிற்காலத்தில் யாரோ தங்கப் பொடி பெயின்ட் பூசியது. உங்கள் படத்தில் நல்ல ரேக்கு இருந்து, அதை "எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறேன்" என்றால், அவர் சுரண்டி எடுப்பது அந்தக் காலத்துக் கைவேலையை. புடைப்பின் நுனியில் ஊசியால் வைத்தது போன்ற சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கை இன்று யாருக்கும் வராது. இன்றைய ரேக்கு ஒட்டினால் மொத்தப் படமும் ஒரே மாதிரி பளபளத்து, பழைய முகம் செத்துவிடும்.

கல்லும் அப்படித்தான். பழைய படங்களில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி, அடியில் நிறத் தகடு வைத்துப் பதித்தது. விழுந்த கல்லைக் கழுவாதீர்கள். தகடு பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டால் போய்விடும், கல் உயிரில்லாமல் வெறும் சிவப்புக் கண்ணாடியாகிவிடும்.

ஒரு இடத்தில் பதனத்தோடு மாறுபடுகிறேன். படம் செய்த அதே பொருளில்தான் சரிசெய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். புளியங்கொட்டைப் பசையில் சுண்ணத் தூள் குழைத்து மக்கு நிரப்பினால் பழைய பூச்சோடு ஒன்றாகிவிடும். அந்நியப் பொருள் எதற்கு?

---

பதனம்:

நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

புதுப் படம் எழுதப் புளியங்கொட்டைப் பசை அருமையானது. பழையதை ஒட்டும்போது இரண்டு தொல்லை. அது மாவுப்பொருள், ராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து. நீரில்தான் குழைக்க வேண்டும், அந்த நீர் பக்கத்து வண்ணத்தைக் கரைக்கும். "ஒன்றாகிவிடும்" என்று சொன்னீர்களே, அதுதான் எனக்குத் தயக்கம். ஒன்றாகிவிட்டால் எது அசல், எது நாம் வைத்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் ஓவியங்களின் மேல் நாயக்கர் காலத்தில் பூசி வேறு ஓவியம் எழுதிவிட்டார்கள். அடியில் ஒன்று இருக்கிறது என்பதே 1931இல் வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தபின்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பிறகு தொல்லியல் துறை மேலடுக்கைச் சேதமில்லாமல் தனியே உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றி, கீழே இருந்ததையும் மீட்டது. இரண்டும் பிழைத்தன. ஆனால் அது சுண்ணச் சுவர், இரண்டு அடுக்குக்கும் நடுவில் தனிப் பூச்சு இருந்தது. நம் பலகைப் படத்தில் பழைய வண்ணத்தின் மேலேயே போஸ்டர் கலர் தொட்டுவிட்டால் பிரிக்க வழியில்லை.

அதனால் பழம்பொருள்களைப் பேணிச் சரிசெய்யும் பாதுகாப்பாளர்கள் பிரித்தெடுக்கக்கூடிய பொருளைத் தேடுகிறார்கள். எழும்பிய இடத்துக்கு ஸ்டர்ஜன் மீன் பசை, 1 முதல் 3 சதவீதக் கரைசல், அல்லது நீரே தாங்காத வண்ணமென்றால் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை டொலுவீன் என்ற கரைப்பானில் மிக நீர்த்த நிலையில். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பஞ்சு நுனியால் வண்ணம் கரைகிறதா என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் சோதிப்பார்கள். சிவப்பு நிற்கும், பக்கத்திலுள்ள நீலம் கரையும், இது சகஜம். பிறகு எழும்பிய ஓரத்தில் மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்து, தூரிகை நுனியால் ஒரு சொட்டு விட்டு, அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளக் காத்திருப்பார்கள். முன்கூட்டி ஒரு துளி ஆல்கஹால் விட்டால் பசை சீராகப் பரவும். இளகியபின் சிலிகான் பூசிய தாள் வழியாக மெதுவாக அமுக்கி, மேலே சின்ன மணல் பை. காய்ந்தபின் அடுத்த இடம். உங்கள் பதினொன்று எழும்பலுக்கு இது பல நாள் வேலை. பத்து நாளில் மொத்தப் படமும் புதுசு என்றால், இந்த வேலையில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

வண்ணம் போன இடத்தை நிரப்பினாலும் போன இடத்துக்குள் மட்டும், அசலின் மேல் ஒரு மயிரிழைகூட ஏறாமல், பின்னால் கரைத்தெடுக்கக்கூடிய வண்ணத்தில். முகத்தில் கண் போயிருந்தால் ஊகித்து எழுதக் கூடாது.

உங்கள் கைவேலை அறிவு இங்கே மிகவும் தேவை, அதையும் சொல்கிறேன். மக்கு எந்த வரிசையில் வைத்தார்கள், கல் எப்படிப் பதித்தார்கள் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பாளர் தப்பு செய்யமாட்டார்.

---

ஓவியக்கூடம்:

பூச்சி விஷயமும் நீர் விஷயமும் ஒத்துக்கொள்கிறேன். அசலின் மேல் தொடக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. புது மக்கு வைப்பது புதுப் படத்தோடு நிற்கட்டும்.

---

கும்பகோணம்_வாசி:

கண்ணாடி வலது கீழ் மூலையில் உள்ளங்கை அளவு ஒட்டியிருக்கிறது. எடுக்கவில்லை. உப்பு சோதனையில் மானி 79 காட்டியது, அப்படியானால் அறையில் உண்மையில் 74. எங்கே கொண்டுபோவது, எப்படிக் கொண்டுபோவது? வேலை முடிந்து வந்தபின் பூஜை அறையிலேயே வைக்கலாமா? வீட்டில் எல்லோருக்கும் அதுதான் ஆசை.

---

பதனம்:

ஒட்டிய கண்ணாடியை விட்டுவைத்தது மிக நல்ல முடிவு.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் உண்டு, 1930 வாக்கில் தொடங்கியது. முதலில் அங்கே போட்டோக்களோடு எழுதி ஆலோசனை கேளுங்கள். பெங்களூரில் இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு மையம் இருக்கிறது. யாரிடம் கொடுத்தாலும் இவற்றைக் கேளுங்கள்: வேலைக்கு முன் நிலை அறிக்கை எழுத்தில் தருவீர்களா, எந்தப் பசை, எத்தனை சதவீதம், அதைப் பின்னால் எதில் கரைத்து எடுக்கலாம், கண்ணாடி, கட்டை, வண்டு மூன்றையும் எந்த வரிசையில் செய்வீர்கள்? வண்டு முதலில் என்று பதில் வர வேண்டும். "அதெல்லாம் எங்கள் ரகசியம்" என்றால் படத்தைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

100 வருடம் கடந்த ஓவியம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் எண்ணம் குடும்பத்தில் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

---

மரச்சட்டம்:

கொண்டுபோவதைப் பற்றி. படம் முழுக்க மல்லாந்த நிலையிலேயே பயணம் செய்ய வேண்டும், ஆகவே பெட்டியின் உள் அகலம் சட்டத்தைவிடப் பக்கத்துக்கு 5 செ.மீ. கூடுதலாக, அந்த இடைவெளியில் தடித்த நுரைப் பலகை. கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். உடைந்தாலும் துண்டுகள் படத்தில் விழாது. பபிள் ராப் சட்டத்துக்கு வெளியே மட்டும், வண்ணத்தைத் தொட்டால் வெயிலில் வட்ட வட்டமாகத் தடம் பதியும். காரின் பின் இருக்கையைச் சாய்த்து அதன் மேல் கனமான மெத்தை விரித்து வையுங்கள், டிக்கியில் வேண்டாம். பகல் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

திரும்பி வந்தபின் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காடியில் சுற்றிலும் ஒரு மரப்பட்டி, புடைப்பின் உச்சியிலிருந்தே 5 மி.மீ.யாவது தள்ளி நிற்கிற உயரத்தில். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா என்று கேட்பார்கள். இந்தப் படத்துக்கு வேண்டாம். அக்ரிலிக்கைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, தளர்ந்த வண்ணச் செதிலை இழுத்துக்கொள்ளும்.

---

பதனம்:

பூஜை அறையைப் பற்றி. வழிபாட்டுக்கு எழுதிய படம், வழிபாட்டில் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. சில மாற்றங்கள் மட்டும்.

வேறு சுவர், குளியலறைச் சுவர் வேண்டாம். சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் 2 செ.மீ. தக்கை ஒட்டிக் காற்று ஓட இடம் விடுங்கள். எண்ணெய் விளக்கு படத்துக்கு நேர் கீழே இல்லாமல் ஒரு மீட்டராவது முன்னால் தள்ளி. எண்ணெய்ப் புகை ஈரத்தோடு சேர்ந்து பிசுபிசுவென்று படியும், அதன் மேல் தூசி ஒட்டும், அதைத் துடைக்கப் போய்த்தான் பல முகங்கள் அழிந்திருக்கின்றன. கற்பூரமும் ஊதுபத்தியும் ஜன்னல் பக்கம்.

பூமாலையைச் சட்டத்தில் மாட்டாதீர்கள். ஈர மாலையிலிருந்து சொட்டும் நீர் கண்ணாடி வழியே இறங்கிக் கீழ்க் காடியில் தேங்கும். உங்கள் படத்தில் பூப்பு கீழ் மூலையில் தொடங்கியதற்குச் சுவர் ஓதத்தோடு இதுவும் சேர்ந்திருக்கலாம். படத்துக்கு இருபுறமும் சுவரில் பித்தளைக் கொக்கி அடித்து, படத்தைத் தொடாமல் மாலையைத் தொங்கவிடலாம். குங்குமமும் சந்தனமும் கண்ணாடியில் வைக்காமல், முன்னால் ஒரு சின்ன விளக்குத் தட்டில்.

வெளிச்சம் படத்தின் மேல் 50 லக்ஸ் அளவில் இருந்தால் போதும், கைப்பேசிச் செயலியில் தோராயமாகப் பார்க்கலாம். சீரியல் பல்பைச் சட்டத்தைச் சுற்றிக் கட்ட வேண்டாம். காலை வெயில் கோடு போட்டு விழுந்தால் அந்த ஜன்னலுக்குத் திரை. வெள்ளையடிக்கும் நாளிலும் கரையான் மருந்து அடிக்கும் நாளிலும் படம் வேறு அறைக்குப் போய்விட வேண்டும், வாடை முழுதும் போனபின் திரும்பலாம்.

---

கும்பகோணம்_வாசி:

கறுப்புத் தாள் விரித்து நாலு நாள் ஆகிறது, இதுவரை தூள் இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எழும்பூருக்குப் போட்டோக்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். கொக்கிக்குத் தச்சரிடம் இன்றே சொல்லியாயிற்று.